வருகிறேன் என்ற பொத்தான்

காஜியார் வீதி, புதுச்சேரி
12 ஜூன் 2025

பாரிஸில் வீற்றிருக்கும் மேதை முஆஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் நலம். உன் நலத்தை அம்மா தினமும் போனில் விசாரித்து எனக்கும் ஒப்பித்துவிடுவதால் தனியாகக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீயும் நானும் போனில் போட்ட கூச்சல் அடுப்படி வரைக்கும் கேட்டிருக்கிறது. அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். "சண்ட போடணும்னா ரெண்டு பேரும் எழுதிப் போட்டுக்குங்க. என் காதுல வுழக்கூடாது. வாரத்துல மூணு நாளு என் ரத்தத்த மெஷின்ல உட்டு அலசுறாங்க, அதுக்கு மேல உங்க ரெண்டு பேரையும் யாரு அலசுறது" என்றாள். அவள் சொல்லைத் தட்ட முடியாது. அதனால்தான் இந்த மெயில்.

விஷயத்துக்கு வருகிறேன். கோரிமேட்டுப் பக்கம் டாக்டர் இளஞ்செழியன் நடத்தும் டயாலிசிஸ் நிலையத்துக்கு நான் ஒரு முன்பதிவுப் பக்கம் செய்து கொடுத்திருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். நம் அம்மாவும் அங்கேதான் போகிறாள் என்பதும் தெரியும். நோயாளி முதல் நாள் மாலை ஆறு மணிக்குள் பக்கத்தைத் திறந்து 'வருகிறேன்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் அவருடைய நாற்காலி காத்திருப்பவருக்குப் போய்விடும். மணி ஆறு ஆகிவிட்டதா, நாற்காலி இருக்கிறதா என்று பார்ப்பது என்னுடைய சர்வர். அது பார்த்துச் சொல்வதைக் காட்டுவது மட்டும்தான் நோயாளியின் போனுக்கு வேலை. இதுவரை ஒரு புகார் இல்லை.

நீ என்ன செய்தாய்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் டாக்டருக்கே நேராக ஒரு டெமோ அனுப்பி வைத்திருக்கிறாய். கணக்கு முழுவதும் நோயாளியின் போனில், பிரவுசரிலேயே நடக்குமாம். சர்வர் ஓர் ஓரமாக உட்கார்ந்து வந்ததை எழுதிக்கொள்ளுமாம். உனக்கு வெட்கமாக இல்லையா? என் பிழைப்பில் கை வைக்கிற அளவுக்கு அங்கே உனக்கு வேலை குறைந்துவிட்டதா?

ஒன்று தெரிந்துகொள். பிரவுசர் அடுத்தவர் வீடு. அங்கே என்ன இருக்கிறது, எது உடைந்திருக்கிறது, யார் கைவைத்தார்கள் என்று நமக்குத் தெரியாது. விழுப்புரத்திலிருந்து பஸ் பிடித்து வருகிற ஆளின் கையில் கண்ணாடி விரிசல் விட்ட போன் இருக்கும். அதன் தலையில் நீ இத்தனை சுமையை ஏற்றினால் பக்கம் திறப்பதற்குள் அவர் பஸ் ஏறித் திரும்பிவிடுவார். உன் கம்பெனி மேஜையில் இருக்கிற கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஊரை அளக்காதே.

அனம்


பாரிஸ்
14 ஜூன் 2025

அன்புள்ள அக்கா,

வ அலைக்கும் ஸலாம். உன் மெயிலைப் படித்துச் சிரித்தேன். கோபப்படவில்லை. கோபப்படுவதற்கு எதிரே ஓர் ஆள் வேண்டும், நீ இன்னும் இருபது வருஷத்துக்கு முந்தைய காலாப்பட்டுக் காலேஜ் லேபிலேயே உட்கார்ந்திருக்கிறாய்.

போன தடவை வந்தபோது அம்மாவோடு அந்த நிலையத்துக்குப் போனேனே, நினைவிருக்கிறதா? கீழ்த்தளம். கனத்த சுவர். சிக்னல் வருவதற்குள் உயிர் போகிறது. உன் பக்கம் ஒவ்வொரு தடவை தொடும்போதும் சர்வரைப் போய்க் கேட்டுவிட்டு வருகிறது. அரசாங்க ஆபீசில் பியூன் ஒரு கையெழுத்துக்காக ஃபைலைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி இறங்குவானே, அதேதான். நோயாளி அந்த வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியது. அடுத்த முறைக்கான பொத்தானை அழுத்தினோமா இல்லையா என்ற சந்தேகத்தில் அம்மா நாலு தடவை அழுத்தியதை நானே பார்த்தேன்.

என்னுடையதில் அழுத்தின மறுநொடி பொத்தான் பச்சையாகிவிடும். சர்வருக்குச் சிக்னல் கிடைக்கும்போது பின்னால் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம். உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள். சர்வர் வாடகையும் குறையும். நீ சொல்கிற அந்த விரிசல் விட்ட போன் உன் கம்ப்யூட்டரைவிட வேகமானது, அதையும் தெரிந்துகொள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அம்மாவுக்கு என் சலாம் சொல்.

முஆஸ்


காஜியார் வீதி
20 ஜூன் 2025

முஆஸுக்கு,

உன் ஆசை நிறைவேறியது. இன்றைக்கு டாக்டர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா, தம்பி செஞ்சது பாக்க நல்லா கீது, டக்குனு பச்சையாவுது" என்றார். அந்தப் பச்சையைப் பார்த்து மயங்கிவிட்டார். படித்த மனிதர் என்று நினைத்திருந்தேன்.

சரி, உன்னுடையதையே போடுகிறேன். ஆனால் ஒன்று மட்டும் கேட்கிறேன். ஆறு மணி ஆகிவிட்டதா என்ற கணக்கையாவது சர்வரிடம் விடு. சர்வர் சரி என்று சொன்ன பிறகு பச்சை காட்டு. கெஞ்சுவதாக நினைக்காதே. எனக்கு உன்மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை, அவ்வளவுதான்.

அம்மா உன் டெமோவை அழுத்திப் பார்த்துவிட்டு, "எம் புள்ள செஞ்சது" என்று தெரு முழுக்கக் காட்டிக்கொண்டு வந்தாள். மூன்று வருஷம் அவள் அழுத்தியது நான் செய்த பொத்தான். அதை யாரிடமும் காட்டியதில்லை.

அனம்


பாரிஸ்
21 ஜூன் 2025

அக்கா,

ஒரே கணக்கை இரண்டு இடத்தில் போடுவது வீட்டில் இரண்டு அடுப்பு வைப்பது மாதிரி. போனில் கடிகாரம் இருக்கிறது, அதற்கு ஆறு மணி ஆவது தெரியும். உன் சர்வர் ஆறு மணிக்குப் பட்டியலை மூடினால் போதும். அதற்கு மேல் அதற்குத் தலைமைப் பொறுப்பு எதற்கு?

தோற்றவர்கள் நிபந்தனை போடுவதில்லை. போடு, போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கு.

முஆஸ்


காஜியார் வீதி
3 ஆகஸ்ட் 2025

முஆஸ்,

சலாம் கிலாம் எதுவும் இல்லை. நேராகப் படி.

வியாழக்கிழமை அம்மா பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுதுவிட்டு உட்கார்ந்து பொத்தானை அழுத்தியிருக்கிறாள். வழக்கமாக சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அழுத்துவாள், அன்றைக்கு வீட்டுக்கு ஆள் வந்திருந்ததால் தள்ளிப் போய்விட்டது. ஆறு மணி தாண்டியாகிவிட்டது. இருந்தும் உன்னுடைய அருமையான பக்கம் என்ன சொன்னது தெரியுமா? இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது, அழுத்தலாம் என்று சொல்லியிருக்கிறது. அழுத்தினாள். பச்சை வந்தது. "வந்துடுச்சு" என்று என்னிடமும் சொன்னாள். நானும் நம்பித் தொலைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆட்டோ வைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுடைய நாற்காலியில் வேறு ஆள். கனகசெட்டிக்குளத்து மீனவர், அம்மாவாசை என்று பெயர். சர்வர் ஆறு மணிக்குப் பட்டியலை மூடி நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டது. அதன் பிறகு வந்து சேர்ந்த அம்மாவின் பச்சையைத் தாமதம் என்று தள்ளிவிட்டது. தள்ளியதை உன் பக்கம் அம்மாவிடம் சொல்லவே இல்லை. பச்சை காட்டியதோடு அதன் கடமை முடிந்துவிட்டது.

நான் அங்கே போட்ட சத்தத்தில் நர்சுகள் ஓடி வந்தார்கள். அம்மா என் கையைப் பிடித்து, "அவரும் பாவம் காத்துக் கெடந்தவருதானே, குழாய மாட்டினப்புறம் எப்படி எந்திரிக்கச் சொல்லுவ, வா" என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அன்றைக்கு வேறு நாற்காலி கிடைக்கவில்லை. சனிக்கிழமை விடிந்தபோது கால் இரண்டும் வீங்கி, படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். வேறொரு மருத்துவமனையில் சேர்த்து, ஆக்சிஜன் வைத்து, அங்கேயே டயாலிசிஸ் செய்தார்கள். இப்போது பரவாயில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

அந்த ஒரு நாளில் எனக்கு என்ன ஆயிற்று என்று உனக்கு எழுதப் போவதில்லை. உனக்குப் புரியாது. நீ பச்சையையும் வேகத்தையும் கட்டிக்கொண்டு அழு. உன் படிப்பு, உன் சம்பளம், உன் டெமோ எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டி அந்த ஊர் ஆற்றில் போடு.

அனம்


4 ஆகஸ்ட் 2025

அக்கா,

அம்மாவிடம் பேசினேன். குரல் தெளிவாக இருந்தது. அதன் பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

உன் மெயிலைப் பார்த்த நேரத்திலிருந்து உட்கார்ந்து தேடினேன். இப்போது கண்டுபிடித்துவிட்டேன். கணக்கில் தப்பு இல்லை. அம்மாவின் போன் இந்திய நேரத்தில் இல்லை, பாரிஸ் நேரத்தில் இருக்கிறது. நம் ஊரில் இரவு ஏழேகால் ஆகும்போது அந்தப் போனில் மாலை மூன்றே முக்கால். அதனால்தான் பக்கம் இன்னும் நேரம் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறது.

நான் வாங்கிக் கொடுத்த போன் அது. அங்கே வந்ததும் தானாக மாறியிருக்க வேண்டும். யாரோ மாறவிடாமல் செட்டிங்கை அணைத்து வைத்திருக்கிறார்கள். ஒரே வீட்டில் இருக்கிறாய், ஒரே தட்டில் சாப்பிடுகிறாய், அம்மாவின் போனில் மணி என்ன என்று இத்தனை நாளில் ஒரு தடவை பார்த்ததில்லை. இந்த லட்சணத்தில் என்னை ஆற்றில் குதிக்கச் சொல்கிறாய்.

போனில் நேரத்தை மாற்றி வை. பிரச்சினை தீர்ந்தது.

முஆஸ்


காஜியார் வீதி
7 ஆகஸ்ட் 2025

முஆஸ்,

மாற்றத்தான் போனேன். போனைக் கையில் எடுத்ததும் பிடுங்கிக்கொண்டாள். டயாலிசிஸ் செய்துகொண்டு வந்த கை, அதில் அவ்வளவு பலம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"ஏம்மா இப்படி வெச்சிருக்க?" என்றேன்.

"எம் புள்ளைக்கு இப்ப மணி என்னான்னு எனக்குத் தெரிய வேணாமா? நம்ம ஊரு மணி செவுத்துல தொங்குது, பாங்கு சொல்றாங்க, அது போதும் எனக்கு. இதத் தொறந்தா அவன் எந்திரிச்சிருப்பானா, வேலைக்குக் கெளம்பிட்டானா, தூங்கப் போயிட்டானான்னு தெரியுது. அவன் எட்டு மணிக்குக் காப்பி போடுற நேரத்துல கரெக்டா போன் போடுறேன்ல, எப்படின்னு நெனச்ச?" என்றாள். போன் கடைக்காரர் மாற்ற வந்தபோது, தானாக மாறாமல் பண்ணிக் கொடு தம்பி என்று இவளே கேட்டு வாங்கியிருக்கிறாள்.

அவளை டயாலிசிசுக்குக் கூட்டிப் போகிறேன், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன், தண்ணீரைக் கூட அளந்து கொடுக்கிறேன். அவள் வாழ்வது உன் நேரத்தில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. நாற்பது வயதில் தம்பிமேல் பொறாமைப்படுகிறாளே என்று சிரித்துக்கொள்.

சிரித்து முடித்துவிட்டு இதையும் கேள். போனின் கடிகாரத்தை நம்பலாம் என்றவன் நீ. இந்த ஊரில் பிள்ளையைப் பிரான்சுக்கு அனுப்பிய வீடுகள் எத்தனை என்று உனக்குத் தெரியாதா? ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒரு போன் இருக்குமே, அது உன் மூளையில் ஏறவில்லையா? அடுத்தவர் வீட்டுக்குள் என்ன இருக்கும் என்று தெரியாது என்றேன். உனக்கு நம் வீட்டுக்குள் இருப்பதே தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லைதான். ஆனால் நான் அதை நம்பி எதையும் கட்டவில்லை.

அந்த நேரத்தை நான் மாற்றப் போவதில்லை. உன் பக்கத்தைத்தான் கழற்றப் போகிறேன். என்ன சொல்கிறாய்?

அனம்


8 ஆகஸ்ட் 2025

அக்கா,

கழற்று. நீ சொல்வதுதான் சரி. முடிவு முழுவதும் சர்வரில் இருக்கட்டும். அது சொன்ன பிறகுதான் பச்சை காட்ட வேண்டும். கீழ்த்தளத்தில் சிக்னல் இல்லாவிட்டால் 'இன்னும் சொல்லவில்லை, காத்திருக்கவும்' என்று மஞ்சளாகக் காட்டலாம். தேவையான மாற்றங்களை நானே எழுதி அனுப்பியிருக்கிறேன். டாக்டரிடமும் என் தவறு என்று சொல்லிவிட்டேன்.

அம்மாவின் போனில் நேரத்தை யாரும் தொட வேண்டாம். அப்படியே இருக்கட்டும்.

முஆஸ்


காஜியார் வீதி
29 ஆகஸ்ட் 2025

முஆஸ்,

உன் போன மெயிலைப் படித்தபோதே எனக்குச் சந்தேகம். நீ ஒரே வரியில் தோல்வியை ஒப்புக்கொள்கிற ஜாதி இல்லை. என்னமோ இருக்கிறது என்று நினைத்தேன். என்னவென்று போன வாரம் ஜமால் மாமா வந்து சொன்னார்.

அம்மாவின் தம்பிக்கு வயிற்றில் எதுவும் தங்காது என்பது உனக்குத் தெரியாதா? போயும் போயும் அவரிடமா ரகசியம் சொல்வாய்? துலூஸிலிருந்து ஊருக்கு விமானம் ஏற பாரிசுக்கு வந்தவர் உன்னைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உன் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். வேறு யாரோ திறந்து, நீ ஜனவரியிலேயே காலி செய்துகொண்டு கனடா போய்விட்டாய் என்று சொல்லியிருக்கிறார்கள். மாமா உனக்குப் போன் போட, நீ அக்காவிடம் சொல்லாதே, அம்மாவிடம் சொல்லவே சொல்லாதே என்று அழாத குறையாகக் கேட்டிருக்கிறாய். அவர் வந்த அன்றே என்னை மாடிக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"கம்பெனி மூடிட்டான்மா. மொன்றியால்லதான் வேல கெடச்சுதாம். அக்காவுக்கு அப்ப ஒடம்பு ரொம்ப முடியாம இருந்துச்சு. பாரிஸ்னா நம்ம ஊர்க்காரங்க நாலு பேரு இருக்காங்கன்னு தைரியமா இருக்கும், கனடான்னா இன்னும் ஒடைஞ்சு போயிடும்னு பயந்துட்டான்" என்றார்.

முதலில் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எங்கே இருக்கிறோம் என்பதில் கூடப் பொய் சொல்கிறவன் எனக்குப் பாடம் நடத்த வந்தான் என்று நினைத்தேன். மெயிலின் தலையில் வெட்கமில்லாமல் பாரிஸ், பாரிஸ் என்று போட்டாயே. மாடியிலேயே நின்றுகொண்டு உன்னைத் திட்டி ஒரு மெயில் முழுக்க அடித்தேன்.

அடித்துக்கொண்டிருக்கும்போதே கீழே அம்மா உனக்குப் போன் போட்டாள். "போன்ழூர்டா முஆஸ், எந்திரிச்சிட்டியா?" என்று நீ கற்றுக்கொடுத்த பிரெஞ்சு வணக்கத்தோடு ஆரம்பித்தாள். ஸ்பீக்கரில் உன் குரல் கேட்டது. "போன்ழூர்மா. இப்பத்தான் காப்பி போட்டேன். இன்னும் அர மணியில கெளம்பணும்" என்றாய். இங்கே பதினொன்றரை மணி. அம்மாவின் போனில் காலை எட்டு. நான் மொன்றியாலில் மணி என்ன என்று பார்த்தேன். உனக்கு நடுராத்திரி இரண்டு.

எட்டு மாதமாக அவள் தினமும் இந்த நேரத்துக்குத்தான் கூப்பிடுகிறாள். நீ ஒரு நாள் கூட எடுக்காமல் விட்டதில்லை. எடுத்துக் கொட்டாவி விட்டால் கூட, காலையில் எல்லோரும் விடுகிற கொட்டாவி என்று அவள் நினைத்திருப்பாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து கூப்பிட்ட நாளிலும் காப்பி போட்டேன் என்றுதான் சொல்லியிருக்கிறாய்.

அந்த மெயிலை அழித்துவிட்டேன். அழித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். உனக்காக அழ வேண்டி வந்ததே என்ற எரிச்சல் இன்னும் போகவில்லை. அடப்பாவி, எனக்காவது சொல்லியிருக்கலாமே. உன்னை நான் தின்றுவிடுவேனா? திட்டியிருப்பேன். அதற்குப் பயந்தா இரண்டு மணிக்கு எழுந்துகொண்டிருந்தாய்?

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது உன் பாடு, அதற்கு நேரில் வா. போனில் சொன்னால் செருப்பு பிய்யும்.

ஆனால் ஒரு காரியம் செய்திருக்கிறேன். சாப்பாட்டுக்கு முன்னால் ரொம்ப நேரம் போன் பேசினால் பிரஷர் ஏறுகிறது, இனிமேல் ராத்திரி இஷா தொழுத பிறகுதான், எட்டரை மணிக்குப் பேச வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதாக அம்மாவிடம் சொன்னேன். டாக்டருக்கு இது தெரியாது. அம்மா தன் போனைத் திறந்து கணக்குப் போட்டுப் பார்த்தாள். "அப்ப அவனுக்கு சாயங்காலம் அஞ்சு மணி. வேல முடிஞ்சு வர்ற நேரம். நல்லதாப் போச்சு, நிதானமாப் பேசலாம்" என்றாள்.

உனக்கு அது காலை பதினோரு மணி. ஆபீசை விட்டு வெளியே வந்து நின்று பேசு. வேலை முடிந்து வந்த களைப்பில் பேசுவதுபோல் பேசு. பொய் சொல்ல உனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

இன்றிலிருந்து ராத்திரி ஒழுங்காகத் தூங்கு.

உன் அக்கா
அனம்